தோள்பட்டை ஜவ்வு அறுவை சிகிச்சையும் அதற்குப் பிந்தைய வலி நிவாரணமும்: கோவை மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றிய மதிப்பீடு

கோயம்புத்தூரில் எலும்பு, மூட்டு சிகிச்சைக்கென்றே நடத்தப்படும் தனியார் மருத்துவமனை ஒன்றில், என் அம்மாவின் வலது தோள்பட்டையில் கிழிந்திருந்த தசைநாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும், பேச்சுவழக்கில் ஜவ்வு எனப்படும் நாணை, தைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. பாராட்ட வேண்டியவை நிறைய இருந்தாலும் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒரு குறையும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தோள் அறுவைக்குப் போகும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் தெரிந்தவையே: சிறு துளைகள் வழியாகச் செய்யும் கீ ஹோல் முறையா, திறந்து செய்வதா? நாணை எலும்போடு கட்ட எத்தனை ஆங்கர் போடுவார்கள்? எவ்வளவு செலவாகும்? இவற்றைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணியும் முதல் இரவில் எந்த மருந்தை, எத்தனை மணிக்கு, யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. எங்கள் அனுபவத்தில் இந்த மருத்துவமனையின் தரம் உயர்ந்ததும் தாழ்ந்ததும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அண்டா தூக்கிய தோள். மொட்டைமாடிப் படியில் கால் தவறி விழுந்தபோது கையை ஊன்றியதில் தோளுக்குள் ஏதோ அறுந்ததுபோல் இருந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை, தலை வாரிக்கொள்ள முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. தோள் மூட்டின் பந்தை நான்கு தசைகளின் நாண்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. கையைப் பக்கவாட்டில் உயர்த்தத் தொடங்கும் மேல்நாண்தான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அம்மாவுக்கு அந்த நாண் எலும்பிலிருந்து முழுத் தடிமனுக்கும் பிரிந்திருப்பது தெரிந்தது.

முதல் சந்திப்பிலேயே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்காத மருத்துவரைப் பார்த்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. வயது கூடக்கூட வலியே இல்லாதவர்களின் தோளிலும் ஸ்கேனில் கிழிசல் தென்படும் என்றும், மெல்ல மெல்லத் தேய்ந்து கிழிந்த நாணுக்குப் பயிற்சியே போதுமானதாகப் பல நேரங்களில் அமையும் என்றும், விழுந்ததால் திடீரெனக் கிழிந்து கை பலமிழந்தவர்களுக்குத்தான் காலம் தாழ்த்தாமல் தைப்பதில் பயன் அதிகம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். தசையில் கொழுப்பு படர்ந்துவிட்டால் தைத்தாலும் நாண் எலும்போடு ஒட்டுவது கடினம் என்பதால், ஸ்கேன் படத்தில் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி, அம்மாவின் தசை இன்னும் நல்ல நிலையில் இருப்பதைத் திரையில் காட்டினார். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் நாண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே தேதி கொடுத்தார். இந்தக் கட்டத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

அடுத்தது அறுவை முறை. கிழிந்த தோள் நாணைத் தைத்துப் பொருத்துவதைப் பற்றி பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன் 1911ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்; ஆகவே கருத்து புதிதன்று, உள்ளே போகும் வழிதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தோளின் மேல் நீளமாகக் கீறி, வெளித்தசையை எலும்பிலிருந்து சற்று விடுவித்துத் தைத்தார்கள். பிறகு அந்தத் தசையின் இழைகளைப் பிரித்துக்கொண்டு சிறு கீறல் வழியாகத் தைக்கும் முறை வந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் சில சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி ஆர்த்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். அம்மாவுக்கும் அதுவே. சிறு துளை என்பதால் எல்லாமே சிறிது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே எலும்பில் துளையிடுவதும், ஆங்கரைப் பதிப்பதும், நாணை இழுத்துக் கட்டுவதும் திறந்து செய்வதைப் போன்றே பெரிய வேலைகள். மூட்டுக்குள் தொடர்ந்து உப்புநீர் பாய்ச்சிக்கொண்டே செய்வதால், வெளியே கொண்டுவரும்போது அம்மாவின் தோளும் கழுத்தின் ஓரமும் உப்பிப் போயிருந்தன. அந்த நீர் வற்றிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் அவ்வளவு பதறியிருக்க மாட்டோம்.

கீ ஹோல்தான் உயர்ந்தது என்று வரவேற்பறைப் பலகையில் எழுதியிருந்ததை நான் அப்படியே ஏற்கவில்லை. பிரிட்டனில் திறந்த முறையையும் ஆர்த்ராஸ்கோப்பி முறையையும் ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2017ஆம் ஆண்டு வெளிவந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தோளின் செயல்பாட்டிலோ வலியிலோ இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் தைத்த நாண் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு மறுபடி கிழிந்திருந்தது. இந்த எண்ணைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் மறுபடி கிழிந்தவர்களும் அறுவைக்கு முன்பு இருந்ததைவிட நலமாகவே இருந்தார்கள் என்பதையும், நாண் முழுதும் ஆறியவர்களே எல்லாரையும்விட அதிகம் முன்னேறினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். எங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். ஆர்த்ராஸ்கோப்பியை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் கூறிய காரணம் முதல் சில நாட்களின் வலி குறைவு என்பது. அதைத்தான் வலி நிவாரண வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

தைப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பில்லில் பெரும்பகுதி இதற்குத்தான். எலும்பில் பதிக்கும் சிறு திருகு போன்ற பொருள்தான் ஆங்கர். அதன் துளையில் கோத்த உறுதியான நூல்களால் நாணை எலும்பின் மீது இழுத்துக் கட்டுகிறார்கள். டைட்டானியத்தில் உண்டு, பீக் எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் வகையில் உண்டு, நாளடைவில் உடலே கரைத்துக்கொள்ளும் பொருளில் உண்டு, நூலையே முடிச்சாக்கிப் பதிக்கும் வகையும் உண்டு. ஒரே வரிசையாகப் பதித்துக் கட்டுவது ஒரு முறை. நாணின் உள்விளிம்பில் ஒரு வரிசையும் வெளிப்புறத்தில் இன்னொரு வரிசையும் பதித்து, கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல் நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுபோய் நாணை எலும்போடு அழுத்திவைப்பது இன்னொரு முறை. அம்மாவுக்குச் செய்தது இரண்டாவது. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கிழிசல்களில் இரட்டை வரிசைக்கு மறுகிழிசல் குறைவு என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. சிறிய கிழிசல்களில் செலவு கூடும் அளவுக்குப் பயன் கூடுவதில்லை. ஆகவே இரட்டை வரிசை என்று சொன்னால், கிழிசலின் அளவு என்ன என்று திருப்பிக் கேளுங்கள். பதித்த ஒவ்வொரு ஆங்கரின் ஸ்டிக்கரும் அம்மாவின் மருத்துவக் கோப்பில் ஒட்டப்பட்டு, அதன் நகலும் எங்களுக்குத் தரப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டதும் அந்த ஸ்டிக்கர்களைத்தான்.

தோளின் மேற்கூரையாக இருக்கும் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கிவிடுவதும் வழக்கமாக இதனுடன் சேர்த்துச் செய்யப்பட்டுவந்த ஒன்று. நாண் முழுதாகக் கிழியாமல் தோள் வலி மட்டும் உள்ளவர்களுக்கு இப்படிச் செதுக்குவது, செதுக்குவதாகப் பாவனை மட்டும் செய்த அறுவையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை என்று பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்த ஆய்வுகள் 2018இல் லான்செட், பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழ்களில் வந்தன. எங்கள் மருத்துவர் தேவை இருந்தால் மட்டுமே அதைச் செய்வேன் என்று சொல்லி, அம்மாவுக்குச் செய்யாமலே விட்டார். பில்லிலும் அது இல்லை.

இனி வலி. இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தோள் நாண் தைப்பு, எலும்பு மூட்டு அறுவைகளிலேயே அதிக வலி தருவனவற்றில் ஒன்று. முழு மயக்கம் மட்டும் கொடுத்துச் செய்தால், கண் விழித்தவுடன் நோயாளி துடித்துப்போவார். ஆகவே கழுத்தின் பக்கவாட்டில், தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புக் கற்றையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துகிறார்கள். இந்த முறையை அமெரிக்க மயக்க மருத்துவர் அலோன் வின்னி 1970இல் விவரித்தார். இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பையும் ஊசி முனையையும் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். அறுவைக்கு முந்தைய நாள் மயக்க மருத்துவர் எங்களுக்கு ஒதுக்கிய நேரம், அந்த மருத்துவமனையில் நாங்கள் பெற்றவற்றிலேயே மிகச் சிறந்த சேவை. அம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஊசி எங்கே போகும் என்று தன் கழுத்தைத் தொட்டே காட்டினார். ஊசி போட்ட பக்கம் கண்ணிமை சற்றுச் சரியலாம், குரல் கம்மலாம், மூச்சை இழுக்கும்போது முழுதாக இழுக்காததுபோல் தோன்றலாம், அவை எல்லாம் மருந்தின் வேகம் தணிந்தவுடன் சரியாகிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மூச்சைப் பற்றி அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மூச்சுக்கு முக்கியமான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்தில் ஊசி போடும் இடத்துக்கு மிக அருகிலேயே செல்கிறது. வழக்கமான அளவில் மருந்து செலுத்தினால், ஏறத்தாழ எல்லாருக்குமே அந்தப் பக்க உதரவிதானம் சில மணி நேரம் செயலிழக்கிறது. நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கு இது தெரிவதுகூட இல்லை. நாள்பட்ட நுரையீரல் நோயோ, உடற்பருமனோ, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறோ உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். மருந்தின் அளவைக் குறைத்தால் இந்தப் பாதிப்பும் குறையும், ஆனால் முற்றிலும் நீங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு, கழுத்தைத் தவிர்த்து, தோள்பட்டை எலும்புக்கு மேலும் அக்குள் பகுதியிலும் உள்ள தனித்தனி நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மாற்று வழி இருக்கிறது. வலி நிவாரணம் ஓரளவு குறைந்தாலும் மூச்சு பாதுகாப்பாக இருக்கும். அம்மாவிடம் ஆஸ்துமா உண்டா, குறட்டை உண்டா, படி ஏறினால் இளைக்கிறதா என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டதன் காரணம் இதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இவற்றுள் ஒன்று இருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அறுவை முடிந்து அறைக்கு வந்தபோது அம்மாவுக்கு வலி துளியும் இல்லை. கையைத் தாங்கும் பட்டையான ஸ்லிங்கில் கிடந்த வலது கையை இடது கையால் தடவிப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டார், பிறகு என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, இது என்ர கைதானா? ஆரோ கையைக் கொண்டாந்து வெச்ச மாதிரி இருக்குது” என்றார். அந்தக் கை பிடிமானமில்லாமல் கட்டில் விளிம்பில் சரிந்து இடிபட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே தலையணை வைத்துத் தாங்க வேண்டும், சூடான எதையும் அருகில் வைக்கக் கூடாது. இதைச் செவிலியர் சரியாகச் செய்துகாட்டினார்.

குறை தொடங்கியது அதற்குப் பிறகு. ஒற்றை ஊசியாகப் போடும் இந்த மருந்தின் வேகம் பொதுவாக 8 முதல் 18 மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். காலையில் அறுவை நடந்தால் அந்த நேரம் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வரும். மரத்த நிலை மெல்லக் குறைந்து வலி மெல்லக் கூடும் என்று நினைத்தால் ஏமாற்றமே. பலருக்கு அது ஒரேயடியாக, ஊசியே போடாதவர்களின் வலியைவிடக் கடுமையாக, அலைபோல் வந்து தாக்குகிறது. இந்த மீள்வலியை மயக்க மருத்துவர்கள் எல்லாரும் அறிவார்கள். இதற்கு வழியும் இருக்கிறது: மரத்த நிலை இருக்கும்போதே, வலி இல்லை என்றாலும், மாத்திரைகளை மணிக்கணக்குப்படி தொடங்கிவிட வேண்டும், ஊசியின் வேகம் தணியும்போது மாத்திரையின் வேகம் உடலில் நிலைத்திருக்க வேண்டும்.

எங்கள் மயக்க மருத்துவர் அப்படித்தான் எழுதியிருந்தார். பாரசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, தவறாமல். ஆனால் அறுவை அரங்கிலிருந்து வார்டுக்கு வந்த மருந்துப் பட்டியலில் அது “தேவைப்பட்டால்” என்று மாறியிருந்தது. மாலையில் நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, “இப்ப வலி இல்லைங்களே, வலி வந்தா சொல்லுங்க, போட்டுரலாம்” என்று செவிலியர் அன்பாகவே சொன்னார். அவர்மேல் தவறு இல்லை; தன் கையில் இருந்த தாளின்படி அவர் நடந்தார். நள்ளிரவு தாண்டியதும் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று அம்மா சொன்னார். சற்று நேரத்தில் அவர் முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுகையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். செவிலியர் பணி மருத்துவரை அழைத்து, அவர் வேறொரு வார்டிலிருந்து வந்து, எழுதி, மருந்தகத்திலிருந்து ஊசி வந்து, அது இரத்தத்தில் ஏறி வேலை செய்வதற்குள், ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்துப்போட்டுக் களைத்தும் முகம் சுளிக்காத என் அம்மா வாய்விட்டு அழுதார். அவருக்குக் கொடுத்தது டிரமடால் என்ற வலுவான வலி மருந்து. வலி தணிந்தது, ஆனால் விடியும்வரை குமட்டி வாந்தி எடுத்தார், அந்த ஒவ்வொரு உலுக்கலும் புதிதாகத் தைத்த தோளில் இறங்கியது.

மறுநாள் காலை மயக்க மருத்துவர் வந்து கோப்பைப் பார்த்தார்; தான் எழுதியது எங்கே மாறியது என்பதைக் கண்டுபிடித்து எங்களிடம் நேரடியாக வருத்தம் தெரிவித்தார். அதை மதிக்கிறேன். ஆனால் இத்தனை நுட்பமான கருவிகளும் இத்தனை திறமையான கைகளும் உள்ள ஓர் இடத்தில், மிக மலிவான மாத்திரை ஒன்று குறித்த நேரத்தில் நோயாளியின் கைக்கு வராமல் போவதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

தோள் நாண் தைப்புக்குப் பிந்தைய வலியைப் பற்றி ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட பரிந்துரை, புராஸ்பெக்ட் என்ற பெயரில் மயக்க மருத்துவர்களிடையே நன்கு அறியப்பட்டது. அதில் சொல்லப்படுவது சிக்கலானதன்று: பாரசிட்டமாலும் அழற்சி தணிக்கும் வலி மாத்திரையும் அறுவைக்கு முன்போ அறுவையின்போதோ தொடங்கி, பிறகும் தொடர்ச்சியாகக் கொடுக்கப்பட வேண்டும்; நரம்பு ஊசியோடு டெக்சாமெத்தசோனும் கொடுத்தால் நிவாரணம் நீடிக்கும்; டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் சார்ந்த) வகை வலி மருந்துகள் மற்றவை போதாதபோது மட்டும். மறுநாளிலிருந்து அம்மாவுக்கு இந்த வரிசையில்தான் நடந்தது. அதன் பிறகு வலி தாங்கக்கூடிய அளவைத் தாண்டவே இல்லை.

ஆனாலும் இந்த மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சர்க்கரை நோயாளிக்கு ஓரிரு நாள் சர்க்கரையை ஏற்றிவிடும். அம்மாவுக்கு அப்படி ஏறியது. அதை எதிர்பார்த்துச் சர்க்கரையை அடிக்கடி பார்த்து இன்சுலின் கொடுத்தார்கள், இதில் குறை இல்லை. அழற்சி தணிக்கும் மாத்திரைகளைச் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்களுக்கு எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அவை நாண் எலும்போடு ஒட்டுவதைத் தாமதப்படுத்துமோ என்ற ஐயம் விலங்காய்வுகளால் எழுந்தது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. எங்கள் மருத்துவர் குறைந்த நாட்களுக்கு மட்டும் அனுமதித்து நிறுத்தினார், அது எனக்கு நியாயமாகவே பட்டது. பாரசிட்டமாலை வேறு காய்ச்சல், சளி மாத்திரைகளோடு சேர்த்து எடுத்து அளவு மீறிவிடக் கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் எழுதியிருந்தது பாராட்டுக்குரியது. டிரமடாலோடு மலச்சிக்கலும் வரும் என்பதை எழுதவில்லை. மலத்தை இளக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

மரத்துப்போகும் மருந்தைச் சிறு குழாய் வழியாகத் தொடர்ந்து செலுத்தும் பம்பு பற்றியும் சிலர் கேட்பார்கள். கழுத்து நரம்பின் அருகே குழாயை வைத்துச் செலுத்துவது நல்ல முறை. வசதியும் கண்காணிப்பும் இருந்தால் மீள்வலியைத் தவிர்க்கும். மூட்டுக்குள்ளேயே குழாயை விட்டுச் செலுத்துவது வேறு. அதனால் மூட்டின் குருத்தெலும்பே அழிந்துபோன நிகழ்வுகள் பதிவானதால் 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. இந்த மருத்துவமனையில் இரண்டாவது முறை இல்லவே இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள்.

ஸ்லிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கையை உடம்பிலிருந்து சற்று விலக்கிவைக்கும் தலையணையோடு கூடிய ஸ்லிங்கைத் தந்தார்கள். தைத்த நாணின் மேல் இழுவிசை குறையும் என்பதற்காக இது. பொருள் உறுதியானது, பட்டைகள் நன்றாக ஒட்டின. ஆனால் உயரமானவர்களுக்கு என்று அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அம்மாவின் முழங்கை அதன் மூலையில் போய் அமரவில்லை, மணிக்கட்டு தொங்கியது. பிசியோதெரபிஸ்ட் வந்து பட்டையைக் குறைத்துத் திருத்திய பிறகுதான் கழுத்து வலி நின்றது. கோடையில் அக்குள் வியர்த்துப் புண்ணாகிவிடும். மெல்லிய பருத்தித் துணியை மடித்து இடையில் வைத்து, அடிக்கடி மாற்றினோம். முன்பக்கம் ஹூக் வைத்துத் தளர்வாகத் தைத்த ரவிக்கைகளை அறுவைக்கு முன்பே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். படுக்கையில் மல்லாந்து படுத்தால் தோள் பின்னுக்குச் சரிந்து வலிக்கும் என்பதால் முதல் சில வாரங்கள் அம்மா சாய்வு நாற்காலியில்தான் தூங்கினார். ஐஸ் பையைத் துணியில் சுற்றி, தோளின் முன்பக்கமும் மேற்பக்கமும் படும்படி வைத்தது இரவில் உதவியது; நேரடியாகத் தோலில் வைத்துவிடாதீர்கள், மரத்த நிலையில் தோல் கருகுவதுகூடத் தெரியாது.

பிசியோதெரபி பிரிவைப் பற்றி நல்லதே சொல்வேன். நாண் எலும்போடு ஒட்டிப் பிடிக்கச் சுமார் 12 வாரங்கள் ஆகும். அதற்கு முன் பளு தூக்கினால் நூல்தான் தாங்குகிறது, நாண் தாங்குவதில்லை. முதல் 6 வாரங்கள் பிறர் கையால் அல்லது மறுகையின் துணையால் மட்டும் அசைவு, பிறகு தானாக அசைவு, 12 வாரங்களுக்குப் பிறகு பலப்படுத்தும் பயிற்சி என்று அவர்கள் வகுத்த ஒழுங்கை எந்த அவசரத்துக்கும் தளர்த்தவில்லை. வலி குறைந்ததும் அம்மா குடத்தைத் தூக்கப் போனார். பிசியோதெரபிஸ்ட் அவரை உட்காரவைத்து, வலி குறைவதும் நாண் ஆறுவதும் ஒரே நேரத்தில் நடப்பவையல்ல என்று விளக்கியதை நானும் உடனிருந்து கேட்டேன். பயிற்சிக்குச் சற்று முன்பு வலி மாத்திரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னதும் நல்ல யோசனை. வலிக்குப் பயந்து தோளை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிப்போகும்.

செலவைப் பொறுத்தவரை, மருத்துவர் கட்டணமும் அறை வாடகையும் முன்பே சொன்ன மதிப்பீட்டுக்குள் இருந்தன. ஆங்கரின் விலைதான் கூடியது, ஏனெனில் உள்ளே கேமராவில் பார்த்த பிறகே எத்தனை தேவை என்பது தெரியும் என்றார்கள். இது புரிந்துகொள்ளக்கூடியது என்றாலும், குறைந்தது இத்தனை, கூடினால் இத்தனை என்று இரு தொகைகளாக முன்பே சொல்லிவிடலாம். காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் அனுமதி தாமதமில்லாமல் கிடைத்தது.

அறுவை மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் பிசியோதெரபி பிரிவுக்கும் ஐந்துக்கு ஐந்து, ஸ்லிங்குக்கு மூன்று, அறுவை அரங்கிலிருந்து வார்டுக்கு மருந்துப் பட்டியல் கைமாறும் முறைக்கு ஒன்று. அம்மாவின் இடது தோளும் சில நாட்களாக வலிக்கிறது, அதற்கும் இதே மருத்துவரிடம்தான் போவோம். இந்த முறை, அறுவை அரங்குக்குள் அனுப்புவதற்கு முன்பே, மயக்க மருத்துவரின் மருந்து நேரங்களை ஒரு தாளில் வாங்கி, வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் காட்டி, இரவுப் பணிக்கு வருபவரிடமும் அதே தாளைக் காட்டிவிட்டுத்தான் உட்காருவேன். மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்த கோரிக்கையும் அதுதான்: நரம்பு ஊசி போட்ட ஒவ்வொரு நோயாளியின் கட்டில் தலைமாட்டிலும் ஊசி போட்ட நேரமும் முதல் மாத்திரையின் நேரமும் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும்.